குதிரை ஏறும் முன் ஹெல்மெட்: புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒரு செய்முறை

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா முடிந்த கையோடு நம் பக்கத் தோட்டங்கள் சிலவற்றில் புதுக் குதிரை வந்து நிற்கும். கத்தியவார் இனமோ மார்வாரி இனமோ, சந்தையில் சுழி பார்த்து, பல் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து வாங்கியிருப்பார்கள். சேணம், கடிவாளம், லாடம் அடிக்க ஆள், எல்லாம் ஏற்பாடாகிவிடும். "ஹெல்மெட் வாங்கியாச்சுங்களா?" என்று கேட்டால் மட்டும், "நடையில போற குதிரைக்கு அதெல்லாம் எதுக்குங்க?" என்று பதில் வருகிறது.

ஓட்டிப் பழக வரும் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நடுத்தர உயரக் குதிரை ஒன்றின் மேல் உட்கார்ந்தால் உங்கள் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 8 அடி, அதாவது 2.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து தலை கீழே வந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். இது குதிரை அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. ஓட்டத்தின் வேகம் இதில் சேரவே இல்லை. தலைக்கு ஆபத்து உயரத்திலேயே இருக்கிறது; வேகம் அதற்கு மேல்தான்.

அமெரிக்காவின் கோர்ட்னி கிங்-டை 2008 ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் போட்டியில் கலந்துகொண்டவர். டிரெஸ்ஸாஜ் என்பது தாண்டுதல் இல்லாமல், சமதரையில் குதிரையைப் பக்குவமாக நடத்திக் காட்டும் போட்டி. 2010 மார்ச்சில் பயிற்சியின்போது அவர் ஏறியிருந்த குதிரை கால் தடுமாறி விழுந்தது. அன்று அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. மூளையில் பலத்த காயம். வாரக்கணக்கில் கோமாவில் இருந்தார். அதன்பின் ஹெல்மெட் அணியச் சொல்லும் இயக்கம் உலகம் முழுக்கப் பரவியது. 2021 ஜனவரி முதல் சர்வதேச டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் பழைய உயரத் தொப்பி போய், எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் ஆனது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நாட்டு அணி தங்கம் வென்றதும் இதே டிரெஸ்ஸாஜில்தான். அத்தனை தேர்ந்தவர்களுக்கே நடையிலும் ஹெல்மெட் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, குதிரை எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அது புலிக்கும் ஓநாய்க்கும் பயந்து ஓடிப் பிழைத்த இனம். சட்டென்று ஏதாவது அசைந்தால் யோசிக்காது, ஒதுங்கிப் பாயும். நம் ஊரில் அசைகிற பொருளுக்குப் பஞ்சமே இல்லை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் ஒரு கிழிந்த சாக்கு பறந்தால் போதும். இட்டேரியில், அதாவது ரெண்டு பக்கமும் வேலி உள்ள வண்டிப்பாதையில் போகும்போது கிளுவை வேலிக்குள்ளிருந்து மயில் ஒன்று படபடவென்று எழும்பினால், குதிரை ஒரே தாவில் பக்கவாட்டில் ரெண்டு கஜம் போய்விடும். நீங்கள் இருந்த இடத்திலேயே காற்றில் நிற்பீர்கள். காங்கேயம், மூலனூர் பக்கம் கொரங்காட்டில் (வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தில்) ஓட்டுகிறவர்களுக்கு வெள்வேல மரத்தின் தாழ்ந்த கிளைகளும் உண்டு. குதிரை தன் உயரத்துக்குத்தான் குனியும், உங்கள் உயரத்துக்குக் குனியாது.

சரி, இனி செய்முறை.

படி 1: குதிரை ஓட்டத்துக்கான ஹெல்மெட்டா என்று பாருங்கள்

வீட்டில் பைக் ஹெல்மெட் இருக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட்டில் பக்கப் பார்வை குறையும், சொல்லிக்கொடுப்பவர் குரல் கேட்காது, எடையும் கழுத்தை இழுக்கும். அதில் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரை இரு சக்கர வாகனத்துக்கான ஐ.எஸ். 4151 தரத்தைச் சொல்வது. குதிரையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சைக்கிள் ஹெல்மெட்டும் ஆகாது. சைக்கிளில் பெரும்பாலும் முன்பக்கமாக விழுவோம். குதிரையிலிருந்து பின்பக்கமாகவும் விழுவோம். குதிரை ஓட்ட ஹெல்மெட் பிடரிக்கு மேல் உள்ள எலும்பு வரை தாழ்வாக இறங்கியிருப்பது அதனால்தான்.

உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 (கூடவே எஸ்.ஈ.ஐ. என்ற சான்று நிறுவனத்தின் முத்திரை), பி.ஏ.எஸ். 015, வி.ஜி.1, ஈ.என். 1384 ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். இவை குதிரை ஓட்டத்துக்கென்றே வகுக்கப்பட்ட தரங்கள். இவற்றில் பலவற்றில் ஹெல்மெட்டைத் தட்டையான இரும்பின் மேலும், விளிம்புள்ள இரும்பின் மேலும் போட்டுச் சோதிப்பார்கள். குளம்போ கல் விளிம்போ பட்டால் தாங்குமா என்று பார்க்கத்தான் அந்த இரண்டாவது சோதனை.

வெல்வெட் போர்த்திய அழகான தொப்பிகளும் விற்கிறார்கள். பார்க்க ஹெல்மெட் மாதிரியே இருக்கும். உள்ளே லேபிள் இல்லையென்றால் அது போட்டோவுக்குத்தான். வேலைப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தவர் போட்டுப் பழகிய ஹெல்மெட்டை வாங்காதீர்கள். ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மாகோல் போன்ற அடர்த்தியான நுரை. அடி விழும்போது அது நசுங்கி, தலை சட்டென்று நிற்காமல் கொஞ்சம் மெதுவாக நிற்க வைக்கிறது. ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான், பழையபடி எழும்பாது. வெளி ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே வேலை முடிந்து போயிருக்கலாம். அடுத்தவர் தலையில் இருந்த ஹெல்மெட் எத்தனை தடவை விழுந்தது என்று நமக்குத் தெரியாது.

பயிற்சிக்குச் சேரும் இடத்திலேயே ஹெல்மெட் தருவார்கள் என்றால் முதலில் அதைப் போட்டுப் பழகலாம். லேபிளையும் அளவையும் அங்கேயும் பாருங்கள். "இங்க யாரும் போடறதில்லைங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிற இடமாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள். தலையைப் பற்றிக் கவலைப்படாதவர் மற்ற விஷயங்களிலும் கவலைப்பட மாட்டார் என்பது என் எண்ணம்.

படி 2: அளவெடுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். புருவத்துக்கு மேல் ஓர் அங்குலம் விட்டு, காதுக்கு மேலாக, பின்னந்தலையில் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளந்தால் வருகிற சென்டிமீட்டர்தான் பெரும்பாலும் உங்கள் ஹெல்மெட் அளவு. பெரியவர்களில் பலருக்கு 54 முதல் 60-க்குள் வரும்.

குழந்தைகளுக்கு வாங்கும்போது, "பெருசா வாங்குனா அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று நினைக்க வேண்டாம். பள்ளிச் சட்டையில் அது சரி. இங்கே லொடலொடவென்று ஆடும் ஹெல்மெட் விழும்போது நழுவி நெற்றியைத் திறந்துவிடும். பின்பக்கம் திருகு வைத்த ஹெல்மெட் வாங்கினால் ஓரளவு வளர்ச்சிக்கு இடம் கொடுக்கும்.

படி 3: மாட்டிச் சரிபாருங்கள்

இந்தப் படியில்தான் நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நல்ல ஹெல்மெட்டைத் தப்பாக மாட்டியவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

முதலில் தலைமுடி. கொண்டையோ உச்சியில் கட்டிய குதிரைவாலோ இருந்தால் ஹெல்மெட் உட்காராது. கழுத்தோரம் தாழ்த்திச் சடை போட்டுக்கொள்ளுங்கள். கிளிப், பூ எதுவும் உள்ளே வேண்டாம். தோட்டத்துக்காரர்கள் சிலர் உருமாலைக் கட்டிக்கொண்டு அதன் மேல் ஹெல்மெட்டை வைக்கிறார்கள். வியர்வைக்கு நல்லது என்கிறார்கள், ஆனால் விழும்போது துணி வழுக்கி ஹெல்மெட் தனியாகச் சுழன்றுவிடும். வியர்வைதான் கவலை என்றால் மெல்லிய பருத்திக் குல்லா ஒன்று போடலாம். அப்படியானால் கடையில் அளவு பார்க்கும்போதே அந்தக் குல்லாவோடு பாருங்கள்.

இப்போது நெற்றியிலிருந்து பின்னால் இறக்கி மாட்டுங்கள். தலையில் மட்டமாக நிற்க வேண்டும். புருவத்துக்கும் ஹெல்மெட் விளிம்புக்கும் நடுவே ஒன்று அல்லது இரண்டு விரல் இடைவெளி போதும். முன்நெற்றி முழுசாகத் தெரிகிறபடி பின்னால் தள்ளிப் போடுவது பார்க்க ஸ்டைலாக இருக்கலாம். முன்பக்கமாக விழுந்தால் முதலில் அடிபடுவது அந்த நெற்றிதான்.

பட்டையை மாட்டாமலே குனிந்து தலையை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் கழன்று விழுந்தால் பெரிது. அடுத்து, ரெண்டு கையாலும் அதைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். புருவத்துத் தோலும் கூடவே அசைந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தோல் அப்படியே இருக்க, ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் அதைவிடச் சிறிய அளவைக் கேளுங்கள்.

பட்டைகள் காதுக்கு முன்னும் பின்னுமாக இறங்கி, காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைப் பட்டைக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். வாயைப் பெரிதாகத் திறந்தால் ஹெல்மெட் உச்சியில் லேசாக அழுத்துவதை உணரலாம். பட்டை தளர்ந்திருந்தால் அந்த அழுத்தம் இருக்காது.

அப்படியே கால் மணி நேரம் கடையிலேயே உட்காருங்கள். நெற்றியில் ஒரே புள்ளியில் வலித்தால் உங்கள் தலையின் வடிவத்துக்கு அது பொருந்தவில்லை. வேறு கம்பெனியின் ஹெல்மெட்டைப் பாருங்கள். சிலருக்கு நீளத்தலை, சிலருக்கு வட்டத்தலை. அளவு ஒன்றாக இருந்தாலும் வடிவம் வேறு.

படி 4: குதிரையிடம் போகும் முன்பே போடுங்கள்

ஏறுவதற்குச் சற்று முன் அல்ல, லாயத்துக்குள் நுழையும்போதே. தேய்த்துவிடும்போதும், குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யும்போதும் உங்கள் தலை அதன் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஈ கடித்து அது காலை உதறினால் போதும். ஏறுவதும் இறங்குவதும் இன்னும் சிக்கலான நேரம். ஒரு கால் அங்கவடியில் (சேணத்தில் கால் வைக்கும் வளையத்தில்), மறு கால் காற்றில் இருக்கும்போது குதிரை நகர்ந்தால் பிடிமானமே இருக்காது. இறங்கி, குதிரையைக் கட்டி, விலகி வந்த பிறகுதான் பக்கிளைக் கழற்ற வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல் ஏரிக்கரையில் மட்டக்குதிரையில் ஒரு சுற்றுப் போகும் குழந்தைகளுக்கும் இதே விதிதான். அங்கே ஹெல்மெட் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல், வீட்டில் உள்ள குதிரை ஓட்ட ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

படி 5: விழுந்துவிட்டால்

யாராவது விழுந்ததும் ஓடிப் போய்த் தூக்கி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா கொடுப்பது நம் பழக்கம். அன்பால் செய்வதுதான், ஆனால் அது கழுத்தெலும்புக்குக் கேடாக முடியலாம். நினைவில்லை என்றாலோ கழுத்து வலிக்கிறது என்றாலோ அசைக்காதீர்கள். ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம். குதிரை ஓட்ட ஹெல்மெட் முகத்தை மூடாது, அதனால் பெரும்பாலும் மூச்சுக்குத் தடையில்லை. தலையை ரெண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். குதிரையை வேறு ஒருவர் பிடிக்கட்டும்.

எழுந்து நன்றாகப் பேசுகிறார் என்றாலும், தலையில் அடி பட்டிருந்தால் அன்று மறுபடி ஏறக் கூடாது. ஒரு நாள் முழுக்க யாராவது கூடவே இருங்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், சொன்னதையே சொல்வது, எழுப்ப முடியாத தூக்கம், காது மூக்கில் நீர் வடிவது, வலிப்பு என்று எதைப் பார்த்தாலும் நேராக மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். ஹெல்மெட் போட்டிருந்தாலும் மூளை குலுங்கலாம். மண்டை உடைவதையும் பெரிய காயத்தையும் அது வெகுவாகக் குறைக்கும், எல்லாவற்றையும் தடுத்துவிடாது.

படி 6: வைத்துக்கொள்ளும் விதம்

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் போட்டு வைக்காதீர்கள். சூட்டில் உள்நுரை கெட்டுப்போகும். லாயத்துத் தகரக் கூரைக்கடியில் மாட்டுவதும் வேண்டாம், வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். வெளியே ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர் தொடவே கூடாது, பெயின்ட் அடிக்கவும் கூடாது. உள்துணி கழற்றக் கூடியதாக இருந்தால் துவைத்துக் காயப்போடுங்கள்.

தலையோடு சேர்ந்து ஒரு தடவை பலமாக விழுந்தால் மாற்றிவிட வேண்டும். விழாவிட்டாலும் 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள் பெரும்பாலான தயாரிப்பாளர்கள். பழையதைக் குப்பையில் போடும்போது தாடைப் பட்டையைக் கத்தரித்துவிட்டுப் போடுங்கள். அப்படியே விட்டால், பார்க்க நன்றாக இருக்கிறதே என்று யாராவது எடுத்துப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் தலையில் மாட்டிவிடுவார்கள்.