உறைந்த அருவியில் ஏற ஆல்ப்ஸ் போகிறீர்களா? திட்டமிடும்போதே நேரும் தவறுகள்

இத்தாலியின் அவோஸ்தா பள்ளத்தாக்கில் கோஞ் என்றொரு கிராமம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,530 மீட்டர் உயரம். கோடையில் போனால் கிரான் பரடீசோ தேசியப் பூங்காவின் காட்டாடுகளைப் பார்த்துவிட்டு வரலாம். ஜனவரியில் போனால், கிராமத்தைச் சுற்றியுள்ள பக்கப் பள்ளத்தாக்குகளில் நூற்றுக்கும் மேற்பட்ட அருவிகள் விழுந்தது விழுந்தபடியே உறைந்து நிற்கும். இரண்டு கைகளிலும் ஐஸ் கோடரி, காலில் கிராம்பான் என்ற இரும்பு முள் சட்டம் என்று அவற்றில் ஏறத்தான் ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் அங்கே வந்து குவிகிறார்கள்.

இந்தப் பயணத்தைப் பற்றி என்னிடம் கேட்கும் நண்பர்கள் எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த அருவியில் ஏறலாம்?" தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பாறை போன வருடம் இருந்த இடத்தில் இந்த வருடமும் இருக்கும். ஐஸ் அப்படி இல்லை, ஒவ்வொரு குளிர்காலமும் புதிதாகப் பிறக்கிறது. சென்ற ஆண்டு படத்தில் தடித்த தூணாக நின்றது, இந்த ஆண்டு பாதியில் தொங்கும் ஊசியாக இருக்கலாம். ஒரு அருவியின் பெயரை மனதில் எழுதிக்கொண்டு போகிறவர், அங்கே போனதும் நிலைமை சரியில்லை என்று தெரிந்தாலும் ஏறத்தான் பார்ப்பார். இவ்வளவு செலவழித்து வந்திருக்கிறோமே என்ற எண்ணம் கண்ணை மறைத்துவிடும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இது இன்னும் சிக்கல். ஐரோப்பியர்கள் வியாழக்கிழமை வானிலை பார்த்து வெள்ளிக்கிழமை காரை எடுப்பார்கள். நமக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம் என்பது விதி. கடைசி நேரத்துக்கு விட்டால் விசாவும் கிடைக்காது, டிக்கெட்டும் எட்டாத விலைக்குப் போய்விடும். ஆக, தேதியை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது இடம் மட்டுமே. அதனால் அருவியைத் தேர்ந்தெடுக்காமல் தங்கும் ஊரைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஊரைச் சுற்றி வெவ்வேறு உயரங்களில், வெவ்வேறு திசை பார்த்து, எளிதும் கடினமுமாக அருவிகள் இருக்க வேண்டும். கோஞ் அப்படிப்பட்ட ஊர். பிரான்சில் லா கிராவ், அதன் பக்கத்தில் 2,000 மீட்டரைத் தாண்டும் லோத்தரே கணவாய்ப் பகுதி, சுவிட்சர்லாந்தில் ரயிலிலேயே போய் இறங்கக்கூடிய காண்டர்ஸ்டெக் ஆகியவையும் அப்படித்தான். மூன்று நாடுகளும் ஷெங்கனுக்குள் இருப்பதால் ஒரு பக்கம் சூடேறினால் இன்னொரு பக்கம் நகரலாம். அதற்கு, அறையை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும்படி பதிவு செய்திருக்க வேண்டும்.

தேதி என்று பார்த்தால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி பாதிவரை பொதுவாக நம்பலாம். டிசம்பர் தொடக்கத்தில் ஐஸ் மெல்லிசாக இருக்க வாய்ப்பு அதிகம். பிப்ரவரியில் பிரான்சின் பள்ளி விடுமுறை மூன்று மண்டலங்களுக்குத் தனித்தனியாக, அடுத்தடுத்து வரும். அந்த வாரங்களில் அறை வாடகை ஏறிவிடும், சாலையும் நெரியும்.

அடுத்தது, குளிர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரி வரை ஐஸ் ஓரளவு மென்மையாக இருக்கும். கோடரியின் அலகு ஒரே அடியில் 'தப்' என்று பதியும், கைக்கு உறுதி தெரியும். அதே ஐஸ் மைனஸ் 15-இல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அடித்தால் அலகு பதியாது. அடித்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் விரிந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து, முகத்தின் ஓரமாக உரசிக்கொண்டு கீழே போகும். ஒவ்வொரு பிடிக்கும் நான்கைந்து முறை அடிக்க வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் முன்னங்கை மரத்துப்போகும்.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. இதமாக இருந்த வானிலை ஒரே இரவில் கடுங்குளிராக மாறினால் ஐஸ் சுருங்கும். மேலேயும் கீழேயும் மட்டும் ஒட்டிக்கொண்டு நடுவில் தனியாக நிற்கும் தூண்கள் அந்த இழுவிசையில் விண்ணென்று இறுகிப்போயிருக்கும். ஒரு கோடரி அடியிலேயே குறுக்கே வெடித்து, தூண் முழுவதும் சரிய வாய்ப்புண்டு. ஆகவே இன்றைய வெப்பநிலையை மட்டும் பார்த்துப் பயனில்லை. கடந்த ஐந்தாறு நாட்களில் அது எப்படி ஏறி இறங்கியது என்று பாருங்கள். பூஜ்ய டிகிரி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆல்ப்ஸுக்குத் தெற்கிலிருந்து மலையைத் தாண்டி ஃபோன் என்ற சூடான காற்று இறங்கினால், வடக்குப் பள்ளத்தாக்குகளில் சில மணி நேரத்திலேயே ஐஸின் பின்பக்கம் தண்ணீர் ஓடத் தொடங்கிவிடும்.

இனிச் சொல்லப்போவதை மட்டுமாவது தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பனிச்சரிவு. ஐஸ் ஏறுகிறவர்கள் கண்ணெதிரே நிற்கும் ஐஸைப் பற்றியே யோசிக்கிறார்கள். அருவி எங்கே உருவாகிறது? மலையின் தண்ணீரெல்லாம் ஒன்றுசேர்ந்து இறங்கும் பள்ளத்தில். தண்ணீர் இறங்கும் அதே வழியில்தான் பனியும் இறங்கும். நீங்கள் நிற்பது எண்ணெய் ஊற்றும் புனல் போன்ற ஒன்றின் அடி வாயில். தலைக்கு மேலே, கண்ணுக்கே தெரியாமல், நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்குப் பனி தேங்கிய சரிவுகள் விரிந்து கிடக்கின்றன. கோஞ் பக்கத்தில் உள்ள லில்லா கிராமத்திலிருந்து உள்ளே போகும் வலேய் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குறுகலானது, இரு பக்கமும் செங்குத்து. அருமையான அருவிகள் அங்கே இருக்கின்றன, ஆனால் புதுப்பனி விழுந்த பிறகு அதற்குள் நடந்து போவதே ஆபத்து. நீங்கள் நிழலில் கைகளை ஊதிக்கொண்டு நிற்கும் நேரத்தில், மேலே உள்ள சரிவில் வெயில் பட்டுப் பனி இளகிக்கொண்டிருக்கும்.

ஐரோப்பா முழுவதும் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டு அறிவிக்கிறார்கள். 3 என்றதும் நடுத்தரம், சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது மிகவும் பரவலான தவறு. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு உயிரிழப்புகளில் ஏறக்குறைய பாதி, 3 என்று அறிவிக்கப்பட்ட நாட்களில் நடந்தவை. 4, 5 நாட்களில் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், 3-இல் துணிந்து கிளம்பிவிடுகிறார்கள். எண்ணோடு நிறுத்தாமல் அதன் கீழே எழுதியிருப்பதையும் படியுங்கள்: எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசைச் சரிவில், புதுப்பனியா, காற்று அடித்துக் குவித்த பனியா. பனியே விழாத நாளிலும் காற்று மட்டும் ஒரு சரிவை நிரப்பிவிடும். டாவோஸில் உள்ள சுவிஸ் ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிக்கை வெளியிடுகிறது; அவோஸ்தாவுக்கும் பிரான்சுக்கும் தனித்தனி அறிக்கைகள் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் அதைப் படித்துவிட்டு, அப்புறம் நாளைக்கு எங்கே என்று பேசுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடங்களுக்குள் எடுக்க வேண்டும் என்பதால், ஊரிலேயே மணலில் புதைத்தாவது தேடிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

மேலேயிருந்து வரும் ஆபத்தில் மனிதர்களும் உண்டு. லில்லாவில் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கால் மணி நேரத்தில் லில்லா கல்லி என்ற நீண்ட ஓடை வந்துவிடும். ஐஸ் வழிகளின் கடினத்தை 1-இலிருந்து ஏறும் தர எண்களால் சொல்வார்கள்; இதற்கு 3 மட்டுமே என்பதால் எல்லோருக்கும் அதுவே முதல் விருப்பம். ஒரு முறை ஒன்பது மணிக்குப் போய் நின்றோம். மேலே ஏற்கெனவே மூன்று குழுக்கள். சரி, மெதுவாகப் பின்னால் போகலாம் என்று முதல் கட்டம், அதாவது ஒரு கயிற்று நீளம், ஏறினோம். கயிற்றைப் பிடித்தபடி நின்றபோது மேலேயிருந்து ஒரு கத்தல், அதற்குப் பின்னாலேயே தேங்காய் அளவு ஐஸ் துண்டு சுவரில் மோதி, என் வலது தோளுக்கு ஒரு முழம் தள்ளிச் சிதறியது. இறங்கிவிட்டோம். அந்த நாள் வீணாகவில்லை. அன்று மதியம் ஐஸில் துளையிட்டுக் கயிறு கோத்து இறங்கப் பழகினோம். மேலே ஆள் இருக்கிறதென்றால் அந்த வழி உங்களுக்கு மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளாகப் போக விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும்.

துளை என்று சொன்னது அபலகோவ் முறையை. விட்டாலி அபலகோவ் என்ற சோவியத் மலையேறியின் பெயரால் வழங்குவது. ஐஸுக்குள் திருகி இறக்கும் நீளமான குழாயான ஐஸ் ஸ்க்ரூவால் இரண்டு துளைகளைச் சாய்வாகப் போட்டு உள்ளே ஒன்றோடொன்று சந்திக்க வைத்து, அதில் மெல்லிய கயிற்றை நுழைத்து முடிந்தால், அதுவே இறங்குவதற்கான பிடிமானம். பல அருவிகளில் இறங்க வேறு வழியே கிடையாது. இதை முதன்முதலாகச் செய்து பார்க்கும் இடம், கை விறைத்து வெளிச்சம் போன பிறகு நான்காவது கட்டத்தின் உச்சியாக இருக்கக் கூடாது. ஜனவரியில் அங்கே விடியவே எட்டு மணி ஆகும். ஐந்தரைக்குள் சூரியன் போய்விடும். மதியம் ஒரு மணி, ஒன்றரை என்று திரும்பும் நேரத்தைக் காலையிலேயே முடிவு செய்துகொண்டு, எங்கே இருந்தாலும் அப்போது இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

செயற்கைச் சுவரில் நன்றாக ஏறுகிறவர்கள் ஐஸின் தர எண்ணைக் குறைத்து எடைபோடுகிறார்கள். உடல் வலு உண்மையிலேயே உதவும். ஆனால் சுவரில் விழுந்து விழுந்து கற்கலாம், இங்கே முன்னே ஏறுகிறவர் விழவே கூடாது. சின்ன விழுகையிலும் கிராம்பான் முனை ஐஸில் மாட்டிக் கணுக்காலை முறித்துவிடும். முதல் பயணம் என்றால் சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் சான்று பெற்ற வழிகாட்டி ஒருவரை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. அவர் எந்த அருவி என்று வாக்குக் கொடுக்கவில்லை என்றால் கோபப்படாதீர்கள், அவர் சரியான ஆள்.

காப்பீட்டில் பலர் ஏமாறுகிறார்கள். விசாவுக்குக் கேட்பது குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. அதை எடுத்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் கயிறு கட்டி ஏறும் மலையேற்றத்தை விலக்கியே வைத்திருக்கின்றன. ஐஸ் ஏற்றமும் ஹெலிகாப்டர் மீட்பும் உள்ளே இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரான்சில் மலையில் அரசு மீட்புக்குப் பொதுவாகக் கட்டணமில்லை. சுவிட்சர்லாந்தில் பில் உங்கள் பெயருக்குத்தான் வரும். அவசர எண் எங்கும் 112. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414-உம் உண்டு.

சாலை விஷயம் சுருக்கமாக. ஜெனீவாவில் கார் எடுத்தால் குளிர்கால டயர் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அவோஸ்தாவில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அது அல்லது சங்கிலி கட்டாயம். பிரான்சிலிருந்து மலைக்கு அடியில் இத்தாலிக்குப் போகும் மோன் பிளாங்க் சுரங்கப்பாதையை 2023, 2024 ஆண்டுகளில் பராமரிப்புக்காக டிசம்பர் பாதிவரை மூடி வைத்தார்கள் என்பதால், டிசம்பரில் போகிறவர்கள் விசாரித்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் அடுப்பு கேஸ் குப்பியை எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

கையுறை குறைந்தது மூன்று ஜோடி வேண்டும். ஏறும்போது ஒன்று, கயிறு பிடித்து நிற்கும்போது தடிமனான ஒன்று, ஈரமானால் மாற்ற இன்னொன்று. கழற்றியதை வெளியே தொங்கவிடாமல் மேலாடைக்குள் வயிற்றோடு வைத்தால் உறையாது.

கோஞ் பக்கத்து வல்நொன்டே பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அருவிகளுக்குப் போகும் வழியில் ஊர்க்காரர்கள் தினமும் இயந்திரம் ஓட்டிச் சமன் செய்யும் பனிச்சறுக்குத் தடங்கள் இருக்கின்றன. அதில் பூட்ஸ் காலோடு நடந்தால் குழி விழுந்து தடம் கெட்டுவிடும், அவர்கள் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஓரமாக நடந்து போங்கள். திரும்பி வரும்போது இருட்டிவிடும் என்பதால், நடக்கும் வழி எங்கே பிரிகிறது என்று முதல் நாள் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.