பழைய மேம்பாலச் சாலையை என்ன செய்வது? விவாதத்தில் பங்கேற்க ஒரு வழிகாட்டி

1981ல் திறக்கப்பட்ட பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தைப்போல் நாற்பது வயதைக் கடந்த உயர்மட்டச் சாலைகள் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பழுதுபார்ப்பதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்ற பேச்சு உங்கள் வட்டாரத்தில் எழுந்தால், முதல் கூட்டத்திலேயே மக்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுவார்கள். எந்த அணியிலும் சேர்வதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: அந்தச் சாலையில் ஏறுகிறவர்கள் எங்கே இறங்குகிறார்கள்? மற்ற கேள்விகளில் பெரும்பாலானவை இதற்குப் பின்னால்தான் வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கு முன்பாக, “பழையதாகிவிட்டது” என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை ஈரமும் உப்பும் எட்டும்போது அது துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலிருக்கும் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. பாலத்தடியில் செல்லும் நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தால், இணைப்புகளுக்குக் கீழே பழுப்பாக வழிந்த கறையும் சுண்ணாம்பு பூசியதுபோன்ற வெள்ளைப் படிவும் சில இடங்களில் தெரியும். கறை தெரிவதால் மட்டும் பாலம் விழப்போகிறது என்று பொருளில்லை. தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் பாகங்களும், வெப்பத்தில் பாலம் விரிய இடம்விட்டு அமைக்கப்பட்டு, வாகனம் கடக்கும்போது “டடக், டடக்” என்று ஒலிக்கும் விரிவிணைப்புகளும் பாலத்தின் ஆயுளுக்குள்ளேயே மாற்றப்பட வேண்டியவை. எனவே, தேய்ந்திருப்பவை மாற்றத்தக்க பாகங்களா, அல்லது தூணும் உத்தரமுமே வலுவிழந்துவிட்டனவா என்று கேளுங்கள். இத்தாலியின் ஜெனோவா நகரில் 1967ல் திறக்கப்பட்ட மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14ஆம் தேதி இடிந்து விழுந்து 43 பேர் உயிரிழந்தனர். பொறுத்திருந்து பார்ப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு என்பதைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும்.

இனி அந்த முக்கியமான கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 1953ல் திறக்கப்பட்ட அலாஸ்கன் வே மேம்பாலச் சாலை 2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. 2007ல் புதிய மேம்பாலம் வேண்டுமா, சுரங்கச்சாலை வேண்டுமா என்று நகர மக்களிடம் கருத்துக் கேட்டபோது அவர்கள் இரண்டையுமே நிராகரித்தார்கள். பின்னர், வேறு வகையில் குடைந்து அமைக்கும் ஆழ்சுரங்கம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 17.5 மீட்டர் விட்டமுள்ள துளையிடும் இயந்திரம் 2013 டிசம்பரில் பழுதடைந்து சுமார் இரண்டு ஆண்டுகள் நின்றுபோனதால், சுரங்கம் 2019 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. தாமதத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. பழைய மேம்பாலத்திலிருந்து நகர மையத்தில் இறங்குவதற்குச் சரிவுப்பாதைகள் இருந்தன, 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சுரங்கத்தின் நடுவில் எந்த வெளிவழியும் இல்லை. நகரைக் கடந்து செல்பவருக்கு அது நல்ல சாலை. நகருக்குள் வேலைக்கு வருபவரோ வேறு வழி தேட வேண்டியிருந்தது.

நமக்கும் இந்த அனுபவம் புதிதன்று. சிங்கப்பூரில் பெரும்பாலும் நிலத்தடியில் செல்லும் மரினா கரையோர விரைவுச்சாலை 2013 டிசம்பர் 29ஆம் தேதி திறக்கப்பட்டது. ஐந்து கிலோமீட்டர் நீளமும் இரு திசைகளிலுமாகப் பத்துத் தடங்களும் கொண்ட அந்தச் சாலையில், முதல் வேலைநாள் காலையிலேயே கடும் நெரிசல் ஏற்பட்டது. சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும், வாகனங்கள் வெளியேறும் வாயும் அதையடுத்த போக்குவரத்து விளக்கும்தான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே நீங்களே கணக்கெடுங்கள். வேலைநாள் காலை ஏழரை மணிக்கு, மேம்பாலத்திலிருந்து வாகனங்கள் இறங்கும் இடம் தெரியும்படியான பாதசாரி மேம்பாலத்தில் நின்றுகொள்ளுங்கள். விரைவுச்சாலைக்குள்ளோ அதன் சரிவுப்பாதையிலோ கால் வைக்கக்கூடாது. ஒரு தாளில் பேருந்து, லாரி, மோட்டார்சைக்கிள், கார் என்று நான்கு பத்திகள் போட்டு, பதினைந்து நிமிடத்தில் இறங்குபவற்றையும் நேராகச் செல்பவற்றையும் தனித்தனியாகக் கோடிட்டு வாருங்கள். மழை நாளிலும் பள்ளி விடுமுறையிலும் எடுத்த கணக்கை மற்ற நாள்களோடு கலக்காதீர்கள். பேருந்து வரும்போது அதிலிருக்கும் ஆள்களை மனத்தில் வையுங்கள்: ஓர் ஈரடுக்குப் பேருந்தையும் ஓட்டுநர் மட்டும் அமர்ந்திருக்கும் ஒரு காரையும் ஒரே கோடாக எண்ணினால் கணக்கு பொய்யாகிவிடும். லாரியின் பின்புறம் அமர்ந்து வேலைத்தளத்துக்குப் போகும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குடியிருப்பாளர் கூட்டத்துக்கு வரப்போவதில்லை. அவர்களுடைய பயணத்தை உங்கள் தாளாவது பதிவுசெய்யட்டும்.

கணக்கு கையில் இருந்தால், தெரிவுகளைப் பிறர் சொன்ன வரிசையில் ஏற்க வேண்டியதில்லை. இறங்குபவர்கள் அதிகமென்றால் வெளிவழியில்லாத சுரங்கம் உங்களுக்குப் பெரிதாக உதவாது. கடந்து செல்பவர்கள் அதிகமென்றால் உதவலாம். முற்றிலும் அகற்றிவிடலாம் என்பவர்கள் தென்கொரியாவின் சோல் நகரிலுள்ள சியோங்கியேசியோன் ஓடையைக் காட்டுவார்கள். அங்கே 2003ல் மேம்பாலச் சாலையை இடிக்கத் தொடங்கி, அதன் அடியில் மூடப்பட்டிருந்த ஓடையை 2005 அக்டோபரில் திறந்தது உண்மைதான். ஆனால் இடையே 2004ல் நகரின் பேருந்துச் சேவை முழுவதும் மாற்றியமைக்கப்பட்டதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதிக் கதை.

செலவைப் பற்றி ஒன்றே ஒன்று: முதல் மதிப்பீட்டை முடிவான தொகையாகக் கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மேம்பாலச் சாலையைப் பூமிக்கடியில் கொண்டுபோன திட்டத்தின் செலவு, தொடக்க மதிப்பீட்டைவிடப் பல மடங்கு பெருகியது.

பாலத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதையும் எழுதிவையுங்கள். எங்கள் பக்கத்துக் கலந்துரையாடல் ஒன்றில், தடங்களின் எண்ணிக்கை பற்றி ஒரு மணி நேரம் பேசிய பிறகு, ஒரு மூதாட்டி எழுந்து, “மழை வந்தால் மோட்டார்சைக்கிள் பிள்ளைகள் எங்கே ஒதுங்குவார்கள்?” என்று கேட்டார். பெருமழையில் பாலத்தடியில் வரிசையாக நின்று மழையங்கி மாட்டிக்கொள்ளும் அந்தப் பிள்ளைகள் எந்த வரைபடத்திலும் இல்லை. கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் பேருந்து நிறுத்தம் எங்கே மாறும், இரவு வேலையின் சத்தம் எந்த அடுக்குமாடி புளோக்கைத் தாக்கும் என்பவற்றையும் அதே பக்கத்தில் சேருங்கள்.

எழுதியதை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்பலாம். நிலப் பயன்பாடு சம்பந்தப்பட்டதென்றால் நகர மறுசீரமைப்பு ஆணையம் பெருந்திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது கருத்துச் சொல்லலாம். கடிதம் எழுதத் தயங்குபவர்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குச் சென்றால், தொண்டூழியர்கள் எழுதித் தருவார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். முதல் வரியிலேயே தேதி, இடம், நேரம், எண்ணிக்கை ஆகியவற்றைக் கொடுத்து, இரண்டாவது வரியில் உங்கள் கேள்வியை வையுங்கள். கணக்கெடுத்த தாளின் நகல் ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.