டாலாட்டில் குடும்பத்தோடு தங்கப் போகிறீர்களா? முதலில் அறையை முடிவு பண்ணுங்கள்

மலேசியாவில் பீடோர், தாப்பா பக்கம் இருக்கிற நமக்குக் குளிர் என்றாலே கேமரன் மலைதான். தாப்பாவில் திரும்பி ஏறினால் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று போய்க்கொண்டே இருக்கலாம், ஆனால் பள்ளி விடுமுறையில் அந்த ரோட்டில் காரை விட்டவர்களுக்குத் தெரியும், கியா ஃபார்ம் சந்தைப் பக்கம் ஜாமில் உட்கார்ந்தே பாதி நாள் போய்விடும். அதனால்தான் இப்போது எங்கள் தோட்டத்து ஆட்களே வியட்நாமில் இருக்கிற டாலாட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள். அதுவும் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம்தான். 1893-இல் அலெக்சாந்தர் யெர்சின் என்ற மருத்துவர் அந்த மேட்டு நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் வெயிலுக்குத் தப்ப அங்கே ஒரு ஊரைக் கட்டிக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் கேமரனுக்கு ஏறிய அதே கதைதான். ஒரே வித்தியாசம், டாலாட் பெரிய நகரமாகவே வளர்ந்துவிட்டது.

சரி, எப்போது போவது? டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, வானம் தெளிவாக இருக்கும், ராத்திரியில் 12 டிகிரி பக்கம் கூட இறங்கும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், ஆனால் அதற்காகப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் காலையில் வெயில் அடித்து மதியத்துக்கு மேல்தான் கொட்டும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். தீபாவளி முடிந்து நவம்பரில் போனால் ரோட்டோரம் எல்லாம் காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், எனக்குக் கேட்டால் அதுதான் நல்ல நேரம். சீனப் புத்தாண்டு லீவில் மட்டும் போகாதீர்கள். நமக்கு அது லீவு, அவர்களுக்கு அது டெட் என்கிற புத்தாண்டுப் பண்டிகை, கடைகள் பாதி மூடியிருக்கும், திறந்திருப்பதும் விலை ஏறியிருக்கும். ஏப்ரல் 30, மே 1, செப்டம்பர் 2 ஆகிய தேதிகளும் அவர்களுடைய பொது விடுமுறை. இன்னொன்று, ஹோ சி மின் நகரத்து ஆட்களுக்கு டாலாட்தான் கேமரன், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் மலை ஏறிவிடுவார்கள். ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்து வியாழன் கிளம்புகிற மாதிரி திட்டம் போட்டால் அதே அறை குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஊரும் மூச்சுவிடும்.

போகிற வழி: கோலாலம்பூரிலிருந்து லியென் குவோங் விமான நிலையத்துக்கு நேரடி விமானம் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், அது சில காலம் இருக்கும், சில காலம் இருக்காது. இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இறங்கிய இடத்திலிருந்து ஊருக்கு 30 கிலோமீட்டர் இருக்கும். இல்லாவிட்டால் ஹோ சி மின் நகரம் போய் அங்கிருந்து உள்நாட்டு விமானம், அல்லது படுக்கை பஸ். 300 கிலோமீட்டர்தான், ஆனால் மலை ஏற்றத்தோடு ஆறேழு மணி நேரம் பிடிக்கும், வயதானவர்களை அதில் ஏற்றாதீர்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் ஹோ சி மின்னில் ஒரு நாள் தங்கி, பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம். அந்தக் காலத்தில் அங்கே போன நம் தமிழர்கள் கட்டியது, இன்றைக்கு உள்ளூர் வியட்நாமியர்கள்தான் வரிசையாக வந்து ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். நா ட்ராங் கடற்கரையையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மழைக்காலத்தில் அந்த மலைப்பாதையை விட்டுவிடுங்கள், மண் சரிகிற இடம்.

நம் பக்கத்திலிருந்து தாப்பா ரோடு ஸ்டேஷனில் ஈடிஎஸ் ரயில் பிடித்து கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலையம் என்று போவது காரை நாலைந்து நாள் பார்க்கிங்கில் போடுவதைவிட லாபம். 30 நாள் வரை மலேசியர்களுக்கு விசா வேண்டாம், கடப்பிதழில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அறை விஷயம். டிக்கெட்டுக்கு ஒரு வாரம் அலசுகிறவர்கள் அறையைப் படம் பார்த்து ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுகிறார்கள், டாலாட்டில் அது நடக்காது, ஏனென்றால் அந்த ஊரில் சமதரை என்பதே குறைவு. வரைபடத்தில் சந்தையிலிருந்து 400 மீட்டர் என்று காட்டும், போய்ப் பார்த்தால் அந்த 400 மீட்டரும் செங்குத்து ஏற்றமாக இருக்கும், முட்டி வலி உள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு முறை வெளியே கிளம்பும்போதும் கிராப் டாக்சி கூப்பிட வேண்டும். சுவான் ஹுவோங் ஏரி பக்கம்தான் ஓரளவு சமம். ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கவும் நன்றாக இருக்கும், பெரியவர்கள் உள்ள குடும்பம் என்றால் அங்கேயே தேடுங்கள். மலைச்சரிவில் பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிற அழகான வில்லாக்கள் எல்லாம் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்து ஓட்டுகிற இளசுகளுக்குச் சரி.

அடுத்து, அங்கே நிறைய விடுதிகளில் ஏர்கோன் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா இதைக் கேட்டுவிட்டு, "என்ன தம்பி, ஏர்கோன் இல்லாத ரூமுக்கா இவ்வளவு காசு?" என்றார். ஜன்னலைத் திறந்தாலே போதும் அக்கா என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஜன்னலைத்தான் கவனிக்க வேண்டும். மலிவான அறைகளில் ஜன்னல் நடைபாதைக்குள் திறக்கும், அல்லது ஜன்னலே இருக்காது, மழைக்காலத்தில் அப்படிப்பட்ட அறையில் போர்வையில்கூட ஈர வாடை அடிக்கும். கட்டடங்கள் ஒல்லியாக, ஐந்தாறு மாடி உயரமாக இருக்கும், லிஃப்ட் எல்லா இடத்திலும் இல்லை. அதனால் பதிவு பண்ணும் முன் விடுதிக்கு ஒரு செய்தி அனுப்பி லிஃப்ட் இருக்கிறதா, ஜன்னல் வெளியே பார்த்து இருக்கிறதா, சுடுதண்ணீர் நாலு பேர் அடுத்தடுத்துக் குளிக்கத் தாங்குமா, கூடுதல் போர்வை கிடைக்குமா என்று கேளுங்கள். சுடுதண்ணீர்க் கேள்வியை அலட்சியம் பண்ணாதீர்கள், சின்ன தொட்டி என்றால் மூன்றாவது ஆள் குளிக்கும்போது பச்சைத் தண்ணீர் வந்துவிடும், அந்தக் குளிரில் குளியலறையிலிருந்து வருகிற சத்தம் கீழ் மாடி வரை கேட்கும். உள்ளே நுழைந்ததும் கடப்பிதழை வாங்கிப் பதிவார்கள், அது அங்கே வழக்கம், பதிந்ததும் மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு லட்சம் டோங் என்றால் நம் காசுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 ரிங்கிட், அவ்வளவுதான், சைபர்களைப் பார்த்து மிரள வேண்டாம். கேஎல்லிலேயே மாற்றிக்கொண்டு போவது நல்லது. 20,000 டோங் நோட்டும் நீலம், 500,000 டோங் நோட்டும் நீலம், இருட்டில் இரவுச் சந்தையில் நின்றுகொண்டு எடுத்துக் கொடுத்தால் தெரியவே தெரியாது. பெரிய நோட்டைத் தனிப் பையில் வையுங்கள். நம்முடைய மூன்று கால் பிளக் பல இடங்களில் நுழையாது, ஒரு அடாப்டர் வேண்டும். நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால்.

சாப்பாடு. மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பங்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 'போ' என்றால் மாடு, 'கா' என்றால் கோழி, 'ஹேயோ' என்றால் பன்றி. ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப் கேட்கும்போது 'ஃபோ கா' என்று சொல்ல வேண்டும். சைவத்துக்கு 'சாய்' என்று போட்டிருக்கிற கடைகளைத் தேடுங்கள், புத்த மத வழக்கம் என்பதால் நிறையவே இருக்கின்றன, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடும். சாதாரணக் கடையில் வெறும் காய்கறிப் பிரட்டல் கேட்டாலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள், கடுமையான விரதக்காரர்கள் 'சாய்' கடையை விட்டு நகரக் கூடாது. இரண்டாவது நாளே நாக்கு காரம் கேட்கும், வீட்டிலிருந்து ஊறுகாயும் ஒரு டப்பா சம்பாலும் எடுத்துப் போங்கள். ராத்திரியில் மட்டும் ரோட்டோரத்தில் கரி அடுப்பில் அரிசி அப்பளத்தை வைத்து, மேலே முட்டை உடைத்து ஊற்றி, வெங்காயத்தாள் தூவி, மொறுமொறுப்பானதும் மடித்துத் தருவார்கள், அதோடு சுடச்சுட சோயா பால். வேறு எதைச் சாப்பிடாவிட்டாலும் இதைச் சாப்பிடுங்கள். காய்ந்த இறால், இறைச்சி எல்லாம் தூவுவார்கள், வேண்டாதவர்கள் முன்கூட்டியே கையைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும்.

பார்க்கிற இடங்களுக்கு மூன்று முழு நாள் தாராளம். 1938-இல் கட்டிய பழைய ரயில் நிலையத்திலிருந்து ட்ராய் மாட்டுக்கு 7 கிலோமீட்டர் ரயில், இறங்கினால் உடைந்த பாட்டிலையும் பீங்கானையும் ஒட்டிக் கட்டிய லின் ஃபூக் கோயில், இது பெரியவர்களுக்கும் பிடிக்கும். டாடன்லா அருவிக்குத் தண்டவாளத்தில் உருண்டு இறங்குகிற வண்டி பிள்ளைகளுக்கு, பிரேக் உங்கள் கையில்தான் இருக்கும். கிரேஸி ஹவுஸ் என்கிற விநோத வீடு பார்க்க வேண்டியதுதான், ஆனால் படிகள் குறுகல், கைப்பிடி தாழ்வு, சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள். 'காதல் பள்ளத்தாக்கு' படம் எடுக்கிறவர்களுக்கு மட்டும். நம் தோட்டத்து ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது காவ் டாட் தேயிலைத் தோட்டம். ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், 1927-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது, கேமரனில் போ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929. காலையில் சீக்கிரம் போனால் மலைக்குக் கீழே மேகம் கிடக்கும். கொழுந்து பறித்த வீட்டிலிருந்து வந்த பாட்டிமார்கள் அங்கே நின்றால் படம் எடுக்க மாட்டார்கள், நேராகச் செடியிடம் போய் கவ்வாத்து எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.

குளிர் உடைக்கு இங்கே செலவு பண்ண வேண்டாம். பழைய துணி விற்கிற பண்டல் கடையில் ஆளுக்கு ஒரு ஜாக்கெட் எடுத்தால் முதல் ராத்திரிக்குப் போதும், அப்புறம் டாலாட் இரவுச் சந்தையிலேயே கம்பளிச் சட்டை குவித்து வைத்திருப்பார்கள், முதலில் சொல்கிற விலைக்கு வாங்காதீர்கள். சந்தைக்கு மேலிருந்து இறங்குகிற பெரிய படிக்கட்டில் முட்டிவலிக்காரர்களை இறக்காமல் கிராப்பைக் கீழ்ப்பக்கம் வரச் சொல்லுங்கள்.

திரும்பும்போது அர்டிசோக் டீ, காபித்தூள், கட்டித் தொங்கவிட்டு உலர்த்திய சீமைப்பனிச்சம்பழம் (பெர்சிமன்) இதெல்லாம் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் ரோஜாத் தண்டையோ ஹைட்ரேஞ்சியா கிளையையோ ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் ஒளித்துக் கொண்டுவரப் பார்க்காதீர்கள், அனுமதி இல்லாமல் செடி, விதை, மண் எதையும் மலேசியாவுக்குள் கொண்டுவர முடியாது, பிடித்தால் செடியும் போகும், அபராதமும் வரும்.