பழைய லாஸ் ஏஞ்சலஸ் படங்களைப் பார்க்கும்போது வழுக்கும் இடங்கள்

இணையத்தில் 1940, 50-களின் லாஸ் ஏஞ்சலஸ் தெருப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. நகரப் பொது நூலகம், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், கெட்டி ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் தொகுப்புகளுக்குள் நுழைந்தால் வெளியே வர மனம் வராது. அங்கிருந்து வெட்டி எடுத்துச் சமூக ஊடகங்களில் சுற்றவிடும் படங்கள் தனிக் கணக்கு. பிழைகள் பெரும்பாலும் இந்தச் சுற்றில்தான் ஒட்டிக்கொள்கின்றன. ஒருவர் எழுதிய படக்குறிப்பை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போடுகிறார். நாலாவது ஆளிடம் போகும்போது அது சரித்திரம் ஆகிவிடுகிறது. அதனால் படக்குறிப்பைக் கடைசியில் படியுங்கள் என்பது என் கட்சி. முதலில் படத்தின் ஓரங்கள், அப்புறம் அதை யார் எதற்காக எடுத்தார்கள் என்ற கேள்வி, அதற்குப் பிறகுதான் குறிப்பு.

ஏன் இவ்வளவு சந்தேகம்? ஒரு பிரபலமான படத்தை எடுத்துக்கொள்வோம். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் உள்ள டெர்மினல் தீவின் பழைய இரும்புக் கிடங்கில் டிராம் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. 1956-ல் எடுத்தது. 'ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கி அழித்த ரெட் கார்கள்' என்ற பொருளில்தான் இதற்குக் குறிப்பு எழுதுவார்கள். அந்த ஊரில் டிராம் நிறுவனங்கள் இரண்டு. பசிஃபிக் எலக்ட்ரிக்கின் சிவப்பு வண்டிகள் நகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் இணைத்தன. நகருக்குள் ஓடிய மஞ்சள் வண்டிகள் லாஸ் ஏஞ்சலஸ் ரயில்வேயுடையவை. ஜெனரல் மோட்டார்ஸும் டயர், எண்ணெய் கம்பெனிகளும் பணம் போட்டிருந்த நேஷனல் சிட்டி லைன்ஸ் 1945-ல் வாங்கியது மஞ்சளைத்தான். சிவப்பின் பயணிகள் சேவை 1953-ல் மெட்ரோபாலிட்டன் கோச் லைன்ஸ் என்ற வேறொரு நிறுவனத்துக்குப் போனது.

ஜெனரல் மோட்டார்ஸ் ஒன்றும் உத்தமன் இல்லை. நேஷனல் சிட்டி லைன்ஸுக்குப் பேருந்தும் எரிபொருளும் டயரும் விற்பதைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொள்ளச் சதி செய்ததாக 1949-ல் அதற்கும் கூட்டாளிகளுக்கும் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த வழக்கைக் கொண்டுவந்து இந்தப் படத்தில் ஒட்டினால் இரண்டும் கெடும். 1958-ல் சிவப்பு, மஞ்சள் இரண்டையும் ஒரு பொதுத்துறைப் போக்குவரத்து ஆணையம் எடுத்துக்கொண்டது. கடைசி சிவப்பு வண்டி 1961-ல் நின்றது, கடைசி மஞ்சள் 1963-ல். கடைசி மூடுவிழாவை நடத்தியது அந்த அரசு அமைப்புதான். இது குறிப்பில் வராது, ஏனென்றால் கதையில் வில்லன் குறைந்துவிடுவார்.

சரி, கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பையும் மஞ்சளையும் எப்படிப் பிரிப்பது? தண்டவாளத்தைப் பாருங்கள். மஞ்சள் வண்டி ஓடியது 3 அடி 6 அங்குல அகலப் பாதையில். சிவப்புக்கு வழக்கமான அகலப் பாதை. மெயின் ஸ்ட்ரீட் போல இரண்டும் ஓடிய தெருக்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டும், ஊடே மூன்றாவதாக ஒன்றும் என மூன்று தண்டவாளங்கள் தெரியும். வண்ணப் படத்திலும் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. 1945-க்குப் பிறகு 'மஞ்சள்' வண்டிகளுக்கு மஞ்சள், பச்சை, வெள்ளை மூன்றும் சேர்த்து அடித்தார்கள். 1958-க்குப் பிறகு சில 'சிவப்பு' வண்டிகளே பச்சையாகிவிட்டன.

காரை வைத்து வருடம் சொல்வது

இதுதான் எல்லோரும் செய்வது. "அது 1949 ஃபோர்டு, ஆகவே படம் 1949." ஒரு கார் சொல்வது கீழ் எல்லையை மட்டுமே, அதற்கு முன்னால் படம் எடுத்திருக்க முடியாது, அவ்வளவுதான். அதே ஃபோர்டு 1960-லும் அதே தெருவில் நின்றிருக்கலாம். படத்தில் இருப்பவற்றிலேயே புதிய வண்டி எது என்று தேட வேண்டும், அது தூரத்தில் மங்கலாக இருந்தாலும். முன்பக்கம் இரண்டிரண்டாக நான்கு விளக்குகள் வைத்த கார்கள் 1958 மாடல்களில்தான் பரவலாயின. சிலவற்றில் 1957-லேயே வந்துவிட்டன. அப்படி ஒன்று எங்காவது ஒரு மூலையில் நின்றாலும் '1950-களின் தொடக்கம்' என்ற குறிப்பைத் தூக்கிப் போடலாம். அமெரிக்காவில் அடுத்த வருட மாடல் முந்தைய வருட இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம்பர் பிளேட் இன்னும் நல்ல சாட்சி. கலிஃபோர்னியாவில் மூன்று எழுத்து, மூன்று எண் என்ற வடிவம் 1956-ல் வந்தது, மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்தாக. 1963-ல் அதைத் திருப்பிப் போட்டுக் கறுப்பில் மஞ்சள் ஆக்கினார்கள். கறுப்பு வெள்ளையிலும் இந்த மாற்றம் தெரியும். கொடி பறந்தால், அதுவும் நட்சத்திரங்களை எண்ணும் அளவுக்குத் தெளிவாகப் பறந்தால், அதிர்ஷ்டம்தான்: 49 நட்சத்திரக் கொடி 1959 ஜூலை 4 முதல் ஒரே ஒரு வருடம்தான் அதிகாரபூர்வக் கொடியாக இருந்தது. சினிமா தியேட்டர் முகப்பில் உள்ள படப் பெயரை நம்பி அவசரப்படாதீர்கள். பழைய படங்களை மறுபடி ஓட்டிய மலிவு தியேட்டர்கள் அங்கும் உண்டு.

ஸ்லைடின், அதாவது சட்டமிட்ட ஃபிலிம் துண்டின், அட்டையில் தேதி அச்சாகியிருந்தால் பலர் அத்தோடு விசாரணையை முடித்துவிடுகிறார்கள். அது ஃபிலிம் கழுவிய மாதம். கிறிஸ்துமஸுக்கு நாலு படம் எடுத்துவிட்டு, மிச்ச ஃபிலிமைக் கோடை விடுமுறையில் முடித்துக் கழுவக் கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. பத்திரிகைப் படங்களின் முதுகில் குத்திய முத்திரையும் அப்படித்தான். அது பெரும்பாலும் அச்சில் வந்த தேதியாகவோ கோப்பில் சேர்த்த தேதியாகவோ இருக்கும். படத் தபாலட்டைகள் இன்னும் மோசம். சிகாகோவின் கர்ட் டைக் கம்பெனி லினன் போலச் சொரசொரப்பான தாளில் அச்சிட்ட அட்டைகளில் ஒரு குறியீடு இருக்கும்: ஏ என்றால் 1930-கள், பி என்றால் 1940-கள், சி என்றால் 1950-கள், அதற்கு முன்னால் நிற்கும் எண் அந்தப் பத்தாண்டில் எத்தனையாவது வருடம் என்பது. அதுவும் அட்டை தயாரான வருடத்தைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் படம் அதைவிடப் பழையதாக இருக்கலாம். மின்கம்பிகளை அழித்து, வானத்துக்கு நீலம் பூசி, வேண்டாத ஆட்களை நீக்கிய கைவண்ணம் வேறு.

இடம் தவறுவது

நம் கண்ணுக்கு இடப்பக்கம் ஓடும் போக்குவரத்து பழகிப்போனதால், அமெரிக்கத் தெருவைப் பார்த்ததும் படம் இடவலம் மாறிவிட்டதோ என்று தோன்றும். சிலர் திருப்பியும் விடுகிறார்கள். ஸ்லைடுகள் நிஜமாகவே இடவலம் மாறி ஸ்கேன் ஆவதும் உண்டு. கடைப் பலகை எழுத்தைப் பார்த்தால் போதும், வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

ஏஞ்சல்ஸ் ஃபிளைட் விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. நகர மையத்தில் உள்ள பங்கர் ஹில் குன்றின் சரிவில் சினாய், ஆலிவெட் என்ற இரண்டு குட்டிப் பெட்டிகள் கம்பிவடத்தில் ஏறி இறங்கும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். 1901-ல் திறந்தது, 1969-ல் கழற்றி வைத்தார்கள். 1996-ல் மறுபடி ஓடத் தொடங்கியது அரைத் தெரு தள்ளி. பழைய இடம் மூன்றாம் தெருச் சுரங்கத்தின் வாயை ஒட்டி. ஆகவே இன்றைய நிலையத்தில் நின்று பழைய படத்தைப் பொருத்திப் பார்த்தால் பக்கத்து வீடு, பின்னால் உள்ள விடுதி எதுவுமே சேராது. குன்றையே சீவிவிட்டார்கள் என்பதால் உயரமும் சேராது.

பழைய ஆவணக் கூடம் இன்னொரு பொறி. சுற்றியுள்ள கட்டடங்கள் நேராக நிற்க, இது மட்டும் கோணலாகத் திரும்பி நிற்கும். லென்ஸ் கோளாறு என்று நினைத்து மென்பொருளில் 'சரிசெய்ய' வேண்டாம். 1911 வாக்கில் கட்டியபோது அது தெருவுக்கு ஏற்பத்தான் நின்றது. பின்னால் தெருவை நேராக்கினார்கள், கட்டடம் மட்டும் பழைய திசையிலேயே 1973-ல் இடிக்கும் வரை நின்றது. நிழலை வைத்து நேரம் கணிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நகர மையத்தின் தெருக்கள் நேர் வடக்கு தெற்காகப் போவதில்லை, நன்றாகவே சாய்ந்து போகின்றன. ஹில் ஸ்ட்ரீட்டை வடக்கு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் காலை மாலையாகிவிடும்.

தேடும்போது தெருவின் பழைய பெயரையும் போட்டுப் பாருங்கள். இன்றைய சீசர் சாவேஸ் அவென்யூவின் ஒரு பகுதி 1994 வரை புரூக்ளின் அவென்யூ. மார்ட்டின் லூதர் கிங் புலவார் 1983-க்கு முன் சாண்டா பார்பரா அவென்யூ.

நகரத்தின் வானவிளிம்பில் ஒரே ஒரு வெள்ளைக் கோபுரம் தனியாக நின்றால் அது 1928-ல் முடிந்த நகர மண்டபம், 454 அடி. மற்றவற்றுக்கு 150 அடி வரம்பு இருந்தது; 1950-களின் பிற்பகுதியில்தான் அது நீங்கியது. "ஊரே குட்டையாக இருக்கிறதே, இது ஏதோ சின்ன நகரம்" என்று நினைக்க வேண்டாம். அன்று அமெரிக்காவின் பெருநகரங்களில் அதுவும் ஒன்று.

நிறத்தை நம்புவது

கோடாக் கம்பெனியின் கோடாகுரோம் வண்ண ஃபிலிமில் எடுத்த ஸ்லைடை இருட்டில் வைத்திருந்தால் நிறம் அபாரமாக நிற்கும். அதே காலத்து வேறு பல ஃபிலிம்கள் சாயம் போய்ச் செம்மையேறிக் கிடக்கும். அந்தச் செம்மையை 'அந்தக் காலத்து வெயில்' என்று ரசிப்பவர்களை என்னவென்று சொல்வது? மங்கல் விஷயத்தில் தவறு எதிர்த் திசையில் நடக்கிறது. லென்ஸ் பழசு, ஸ்கேன் மோசம் என்று நினைத்து மங்கலை நீக்குகிறார்கள். 1943 கோடையிலிருந்தே அந்த ஊரைப் புகைமூட்டம் வாட்டியது. வீட்டுக் கொல்லைகளில் குப்பை எரிக்கும் அடுப்புகளுக்கு 1957-ல்தான் தடை வந்தது. நீங்கள் நீக்குவது அந்தப் புகையாக இருக்கலாம்.

கறுப்பு வெள்ளைக்குத் தானாக நிறமூட்டும் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாக: அவை ஊகிக்கின்றன. 1929-ல் எழும்பி 1969-ல் இடிபட்ட ரிச்ஃபீல்டு கோபுரம் கறுப்பும் பொன்னுமாக மின்னியது, எண்ணெய்க் கம்பெனியின் கட்டடம் என்பதால். அதைச் செயலியிடம் கொடுத்தால் எல்லா அலுவலகக் கட்டடத்துக்கும் பூசும் பழுப்பைத்தான் இதற்கும் பூசும்.

எதற்காக எடுத்தார்கள்?

தேதியும் இடமும் சரியாக இருந்தும் படத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள முடியும். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

பங்கர் ஹில்லின் வண்ணப் படங்களில் பெரும்பகுதி 1950-களின் நடுவிலிருந்து 60-கள் வரை எடுத்தவை. குன்றை மொத்தமாக இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் 1959-ல் ஏற்பானது. போகப்போகிறது என்று தெரிந்தவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல வெளிச்சம், நெரிசல் இல்லாத நேரம், உரிந்த வண்ணம், உடைந்த ஜன்னல் என்று தேடி எடுத்தார்கள். அவற்றை வரிசையாகப் பார்க்கும் நமக்கு அது எப்போதும் ஆளில்லாத பேய் ஊராகவே இருந்தது போலத் தோன்றுகிறது. அந்த மாளிகைகளை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்களும் தொழிலாளர்களும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். கடைசியாக எஞ்சிய இரண்டு வீடுகளை 1969-ல் பழைய வீடுகளைப் பாதுகாக்கும் ஹெரிட்டேஜ் ஸ்கொயருக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். அதே வருடம் யாரோ தீ வைத்ததில் இரண்டும் போயின. வேறு இடத்துக்குப் போன பிறகு எடுத்த அந்த வீடுகளின் படத்தைப் 'பங்கர் ஹில்லில்' என்று போடுவது இன்றும் நடக்கிறது.

1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகர வீட்டுவசதி ஆணையத்துக்காகப் படமெடுத்தவர் லெனர்ட் நேடல். ஒழுகும் கூரை, பொதுக் குழாய், குழந்தைகள் விளையாடும் குப்பைமேடு. ஏழைகளுக்கு அரசு வீடு கட்ட வேண்டும் என்று வாதாடுவதற்கான படங்கள் அவை. அவற்றில் பரிவும் உண்டு. ஆனால் அடைமழையில் ஒழுகும் கூரையைக் காட்டுபவருக்கு, அதே தெருவில் நன்றாக இருக்கும் வீட்டைக் காட்டும் வேலை இல்லை. சாவேஸ் ரவீன் பகுதியில் அரசு வீடுகள் வரும் என்று சொல்லித்தான் மக்களைக் காலிசெய்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 1962-ல் அங்கே திறந்தது டாட்ஜர்ஸ் பேஸ்பால் மைதானம். இது தெரியாமல் 'அன்றைய சேரி' என்று ஒரு படத்தைப் போடுவது, மக்களை வெளியேற்றியவர்களின் வாதத்தை நாமே ஒருமுறை சொல்வதாகும்.

மறுபக்கம் கட்டடங்களைப் படமெடுத்த ஜூலியஸ் ஷுல்மன். 1960-ல் ஸ்டால் குடும்பத்தின் குன்றுமேல் வீட்டில் அவர் எடுத்த இரவுப் படம் உலகப் பிரசித்தம்: கண்ணாடி அறையில் இரண்டு பெண்கள், கீழே நகரமே விளக்காகப் பரந்து கிடக்கிறது. நகர விளக்குகள் பதிய ஏழு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்து, உள்ளே இருந்தவர்களைக் கடைசியில் ஃபிளாஷில் பிடித்தார். யாருடைய கண்ணும் அந்தக் காட்சியை அப்படியே பார்த்ததில்லை. கட்டடக் கலைஞருக்காகவும் பத்திரிகைக்காகவும் எடுக்கும் படம் அப்படித்தான் இருக்கும், அதில் குற்றமில்லை. அதை வைத்து '1960-ல் லாஸ் ஏஞ்சலஸ் வாழ்க்கை' என்று எழுதுவதுதான் பிழை.

எடுக்காத படங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கறுப்பினத்தவர், மெக்சிகர், ஜப்பானியர், சீனர் வாழ்ந்த தெருக்கள் நிறுவனத் தொகுப்புகளில் மெலிந்தே இருந்தன. அந்தக் குறையை உணர்ந்துதான் 1990-களில் நகர நூலகம் மக்களின் குடும்ப ஆல்பங்களை வாங்கி நகலெடுத்து 'ஷேட்ஸ் ஆஃப் எல்.ஏ.' என்ற தொகுப்பைச் சேர்த்தது. முதலில் அதைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போனால் ஊரே வேறாகத் தெரியும்.

கடைசியாக உரிமை விஷயம். பழைய படம் என்பதாலேயே யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது தவறு. 1964-க்கு முன் அமெரிக்காவில் வெளியான படத்துக்கு 28 வருடத்தில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும், புதுப்பிக்காதவை பொதுவுடைமை. வெளியிடப்படாத குடும்ப ஸ்லைடுக்குப் பொதுவாக எடுத்தவர் இறந்து 70 வருடம் வரை உரிமை உண்டு. ஏலத்தில் ஒரு பெட்டி ஸ்லைடு வாங்கினால் ஃபிலிமும் அட்டையும் உங்களுடையவை, பதிப்புரிமை அல்ல. அமெரிக்க மத்திய அரசின் ஊழியர் பணியில் எடுத்த படத்துக்கு உரிமைச் சிக்கல் இல்லை. நகராட்சி, மாநில அமைப்புகளுக்கு அந்த விதி பொருந்தாது. படத்தைப் பகிரும்போது தொகுப்பின் பெயரையும் பதிவு எண்ணையும் கூடவே போட்டுவிடுங்கள். உங்கள் குறிப்பில் பிழை இருந்தாலும் அடுத்தவர் மூலத்துக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்வார்.