14ஆம் நாள் கணக்கு எனக்குப் பொருந்தவில்லை

குழந்தைக்காக முயன்றுகொண்டிருந்த நான் ஆறு மாதமாக ஒரே தவறைச் செய்துகொண்டிருந்தேன். மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 14ஆம் நாள் கருமுட்டை வெளியாகும் என்று நம்பி, 28ஆம் நாள் தாண்டியதுமே கர்ப்பப் பரிசோதனை அட்டையை எடுத்துவிடுவேன். ஒரு கோடுதான் வரும், கர்ப்பம் இல்லை என்று. அழுது முடித்து ஒரு வாரத்தில் மாதவிலக்கு வந்துவிடும்.

அப்புறம்தான் தேதிகளைக் குறித்து வைத்துப் பார்த்தேன். என் சுழற்சி 34, 35 நாள்! கருமுட்டை வெளியாவதை அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி, ஏறத்தாழ 14 நாள் எண்ண வேண்டும். எனக்கு அது 20, 21ஆம் நாள் வாக்கில். அதையொட்டிய நாட்களில் வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக, விரலிடையே இழுத்தால் நூலாக நீண்டது. அதுவரை இதைக் கவனித்ததே இல்லை. கருமுட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு 5 நாள் வரை தாங்கும். ஆக, உறவுக்குக் கருமுட்டை வெளியாவதற்கு முந்தைய நாட்கள்தான் முக்கியம்.

பரிசோதனையையும் தள்ளிப்போட்டேன். கரு கருப்பையில் பதிந்த பிறகுதான், அட்டை கண்டறியும் கர்ப்ப ஹார்மோனான எச்.சி.ஜி. சிறுநீரில் தெரியும். குப்பையில் போட்ட அட்டையை மாலையில் எடுத்துப் பார்த்து, மங்கலான கோட்டைக் கண்டு ஏமாந்த கதையும் உண்டு. நேரம் கடந்து தெரிவது கணக்கில் சேராது.

இந்த முறை 37ஆம் நாள், காலை முதல் சிறுநீர். சொன்ன நிமிடங்களுக்குள்ளேயே இரண்டாவது கோடு வந்தது.