"இது பில் அல்ல" என்று வரும் கடிதம்

அமெரிக்கா வந்ததும் சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் எப்படியும் முடித்துவிடுவீர்கள். கம்பெனி இன்ஷூரன்ஸில் சேரவும் ஹெச்.ஆர். நினைவுபடுத்துவார்கள். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு வருவதைப் பற்றி.

என் கணவருக்குக் குடிப்பழக்கம். ஊரில் என்றால் சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் ரொக்கம் கட்டிச் சேர்த்திருப்போம். இங்கேயும் அதே ஒளிவு மறைவுதான். சிகிச்சை மையத்தில் ஒன்பதாம் நாள், "தங்கிச் சிகிச்சை பெற மருத்துவத் தேவை இல்லை" என்று இன்ஷூரன்ஸ் கையை விரித்தது. டாக்டரோ இன்னும் மூன்று வாரம் வேண்டும் என்றார். கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். பின்னால் இன்ஷூரன்ஸிடமிருந்து வந்த கடிதத்தின் தலையில் "இது பில் அல்ல" என்று இருந்தது. கூப்பன் தாள்களோடு சமையலறை டிராயரில் போட்டேன். இதய நோய் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டிப் படிக்கச் சொல்லியிருப்பேன். இதைக் காட்ட வெட்கம். ஏழு மாதம் கழித்துத்தான் மூன்றாம் பக்கத்தைப் படித்தேன்: 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாமாம்.

2008-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் பிளானில் மனநல, போதைச் சிகிச்சை இருந்தால், கோபே (ஒவ்வொரு முறையும் நம் கையிலிருந்து கட்டும் பங்கு), நாள் வரம்பு, முன் அனுமதி எதிலும் மற்ற நோய்களைவிடக் கெடுபிடி காட்டக் கூடாது. வெல்ஸ்டோன், டொமினிசி என்று எதிரெதிர்க் கட்சி செனட்டர்கள் இருவரின் பெயர் தாங்கிய சட்டம். ஒருவருக்கு அண்ணன், இன்னொருவருக்கு மகள் மனநோயால் பட்ட பாடுதான் அவர்களைச் சேர்த்தது. நான் டிராயருக்குள் ஒளித்ததை அவர்கள் சபையில் பேசினார்கள்.

இன்ஷூரன்ஸ் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்: எந்த அளவுகோலில் மறுத்தீர்கள், அறுவை சிகிச்சை நோயாளிக்கும் அதே கெடுபிடியா? "பேரிட்டி" (parity) என்ற சொல்லைக் கட்டாயம் எழுதுங்கள்; எல்லா நோய்க்கும் சமமான நடத்தை என்று பொருள், அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கும் சொல். டாக்டர் கடிதத்தை இணையுங்கள். ஆள் உள்ளே இருக்கும்போதே மறுத்தால் அவசர மேல்முறையீடு கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும். அதிலும் மறுத்தால், இன்ஷூரன்ஸுக்குச் சம்பந்தமில்லாத வெளி ஆட்கள் பார்க்கும் வெளி ஆய்வைக் கேட்க நான்கு மாதம் உண்டு. கம்பெனி பிளான் என்றால் மத்தியத் தொழிலாளர் துறைக்கு 1-866-444-3272 எண்ணில் பேசுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

அம்மா அப்பாவுக்கு எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸுக்கு இந்தச் சட்டம் செல்லாது. அவர்களுடைய மனநல மாத்திரைகளை ஊரிலிருந்தே, சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் இன்ஷூரன்ஸ் கவர் வந்தால், வந்த தேதியை அதன்மேல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் மாட்டிவிடுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும்.