மளிகைக்கடை வைக்கலாம் வா: மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுடன் கடை விளையாட்டு

மூன்று வயதைத் தாண்டிய பிள்ளை இருக்கும் வீட்டில் ஏதாவது ஒரு மூலையில் ஏற்கெனவே ஒரு கடை நடந்துகொண்டிருக்கும். தலையணை உறைமேல் நான்கு வெங்காயம், ஒற்றைச் செருப்பு, தாத்தாவின் கண்ணாடிக் கூடு, அவற்றுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் முதலாளி. அந்தக் கடைக்குள் எப்படி நுழைவது என்றுதான் பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே "ம், கொடு" என்கிறோம். இல்லாவிட்டால் "இது என்ன நிறம்? இது எத்தனை?" என்று பரீட்சை வைக்கத் தொடங்கிவிடுகிறோம். இரண்டிலும் கடை சீக்கிரம் மூடப்படும்.

இதுவரை பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடிப் பழக்கம் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரை மணி நேரம் போதும். செலவு எதுவும் இல்லை. பொம்மைக் கடைகளில் விற்கும் 'சூப்பர் மார்க்கெட் செட்' பக்கம் போகாதீர்கள். பட்டனை அழுத்தினால் அதுவே பேசுகிறது. பிள்ளை பேச வேண்டிய வசனத்தைப் பொம்மை பேசிவிட்டால் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

முதல் படி: சரக்கு சேர்ப்பது

காலியான சோப்பு டப்பா, தீர்ந்துபோன டீத்தூள் அட்டைப்பெட்டி, காலியான சீயக்காய் உறை, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் புட்டி, சமையலறையிலிருந்து நான்கைந்து உருளைக்கிழங்கு, இரண்டு எலுமிச்சை. சொப்புச் சாமான் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு பொருளுக்கு மேல் வேண்டாம். சரக்கு அதிகமானால் பிள்ளை அடுக்கி அடுக்கியே களைத்துவிடும், வியாபாரம் நடக்காது.

வயதைப் பார்த்துச் சரக்கு வையுங்கள். சின்னப் பிள்ளைக்கு நிஜப் பொருளின் சாயல் வேண்டும்: சோப்பு டப்பா இருந்தால்தான் அது சோப்பு. வயது ஏற ஏற அந்தச் சாயல் தேவைப்படாது. ஐந்து வயதுக்காரி ஓட்டாஞ்சில்லைக் காட்டி "இது அதிரசம்" என்பாள், அதில் அவளுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரையொன்றில் குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். கண்ணுக்குத் தெரியும் பொருளிலிருந்து அதன் அர்த்தத்தை மட்டும் பிரித்தெடுக்க மனம் பழகுகிறது என்பது அவருடைய வாதம். பிற்பாடு 'அ' என்ற கோட்டைப் பார்த்து ஒரு ஒலியை நினைப்பதற்கும் இதே பழக்கம்தான் வேண்டும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கடலை, பட்டாணி, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை, நாணயம், பட்டன் பேட்டரி, சிறு காந்தம் எதுவும் இந்தக் கடையில் விற்பனைக்கு இல்லை. பட்டாணி மூக்கில் போனால் ஈரத்தில் ஊறிப் பருக்கும், எடுப்பது கடினமாகும். பட்டன் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தம்பியோ தங்கையோ தவழ்கிற வயதில் இருந்தால் இன்னும் கவனம். விற்பது அக்கா என்றாலும் வாயில் போட்டுப் பார்ப்பது அந்தச் சின்னதுதான்.

இரண்டாம் படி: தராசு

இது இல்லாமலும் கடை நடக்கும். ஆனால் தராசு வந்துவிட்டால் கடையின் மதிப்பே வேறு.

இரு தோளிலும் பள்ளம் வெட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஹேங்கர் ஒன்று, ஒரே அளவில் இரண்டு பேப்பர் கப், கொஞ்சம் சணல் நூல். ஒவ்வொரு கப்பிலும் விளிம்புக்குச் சற்றுக் கீழே, சம இடைவெளியில் மூன்று துளை போடுங்கள். இது உங்கள் வேலை, பிள்ளையின் வேலை அல்ல. ஒரு சாண் நீளத்தில் ஆறு நூல் வெட்டிக்கொள்ளுங்கள். அதற்குமேல் நீளம் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். ஒரு கப்புக்கு மூன்று நூல். துளையில் நுழைத்து முடிச்சிட்டு, மேல் நுனிகள் மூன்றையும் சேர்த்துக் கட்டி, ஹேங்கரின் பள்ளத்தில் மாட்டுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு ஹேங்கரைக் கதவுக் கைப்பிடியிலோ ஜன்னல் கம்பியிலோ பிள்ளையின் மார்பளவு உயரத்தில் தொங்கவிடுங்கள். வெறும் தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் லேசான பக்கத்துக் கப்பின் அடியில் துண்டு டேப் ஒட்டிச் சமன் செய்யலாம்.

எடைக்கல்லுக்குப் பிள்ளையின் உள்ளங்கை அளவில் இரண்டு கூழாங்கல். "இது ஒரு கிலோ" என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். கல்லை ஒரு தட்டிலும் எலுமிச்சையை மறு தட்டிலும் வைத்து, எது கீழே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். இன்னொரு எலுமிச்சையை வைத்ததும் தட்டு மெல்ல இறங்கும்போது பிள்ளையின் கண் அதோடு சேர்ந்து இறங்கும். அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெரியவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

மூன்றாம் படி: யார் முதலாளி?

பிள்ளைதான். இதில் மாற்றம் இல்லை. மூன்று வயதுப் பிள்ளை முதல் நாள் விழித்துக்கொண்டு நின்றால் நீங்கள் ஐந்து நிமிடம் கடைக்காரராக இருந்து காட்டலாம். பிறகு கல்லாவை ஒப்படைத்துவிட்டு எழுந்து வெளியே போய், வாசல்படியிலிருந்து வாடிக்கையாளராகத் திரும்பி வர வேண்டும். கையில் ஒரு துணிப்பை இருந்தால் இன்னும் நல்லது. வேடம் கட்டுவதில் பிள்ளைகள் கறாரானவர்கள். அரைமனதாக நடித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான்காம் படி: என்ன பேசுவது

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். எளிய வழி, நிஜ மளிகைக்கடையில் நீங்கள் பேசுவதையே பேசுவது. அதிகப்படியாக எதையும் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். ஒரு பாட்டியும் நான்கு வயதுப் பேத்தியும் இப்படிப் போகலாம்:

"அம்மா, தக்காளி இருக்கிறதா?"

"இருக்கிறது பாட்டி. எவ்வளவு வேண்டும்?"

"அரை கிலோ போடுங்கள். விலை என்ன?"

"நூறு ரூபாய்."

"நேற்று இருபதுதானே சொன்னீர்கள்?"

"நேற்று மழை இல்லை. இன்றைக்கு மழை."

"சரி, கொஞ்சம் கறிவேப்பிலை கொசுறு போடுங்கள்."

"கொசுறு தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாருங்கள்."

இந்த எட்டு வரியில் நடந்திருப்பதைக் கவனியுங்கள். கேட்டதற்குப் பதில், பதிலுக்குக் காரணம், நேற்று இன்று நாளை, இல்லை என்பதை நயமாகச் சொல்லும் தந்திரம். எதையும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டி பேரம் பேசினார், அவ்வளவுதான்.

பாட்டி சொல்லாமல் விட்டதையும் பாருங்கள். "தக்காளி நூறு ரூபாயா? தப்பு, சரியாகச் சொல்" என்று திருத்தவில்லை. இந்த வயதில் எல்லாப் பொருளும் நூறு ரூபாய்தான், அல்லது ஐந்து ரூபாய்தான். விலை என்பது ஒரு சத்தம், தொகை அல்ல. எண்ணுவதும் அப்படியே. மூன்று வயதுப் பிள்ளை பத்து வரை சொல்லிக்கொண்டே போகும், விரல் மட்டும் ஆறு உருளைக்கிழங்கைத்தான் தொட்டிருக்கும். ஐந்து எலுமிச்சையைப் பரப்பியும் ஆறைச் சேர்த்தும் வைத்தால் பரப்பி வைத்ததுதான் நிறைய என்று நான்கு வயது சாதிக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயதில் இது தானாகத் தெளியும். விட்டுவிடுங்கள்.

ஆனால் சிக்கல் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். "ஐயோ, பை கிழிந்துவிட்டதே!", "என்னிடம் சில்லறை இல்லையே!", "நான் வாங்கியது புளிக்கிறது, மாற்றித் தருவீர்களா?" இவற்றில் ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். நீங்களே பதிலை எடுத்துக்கொடுக்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

பணம் என்று வரும்போது இந்தக் காலத்துப் பிள்ளைகள் நோட்டை எதிர்பார்ப்பதில்லை. ஒரு அட்டையில் கட்டம் கட்டமாகக் கிறுக்கி நிறுத்திவைத்து, "இதில் ஸ்கேன் செய்யுங்கள்" என்பார்கள். நீங்கள் உள்ளங்கையைக் கைப்பேசிபோல நீட்டினால் போதும், "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று ஒலிபெருக்கியின் அதே தட்டையான குரலில் அறிவிப்பு வரும். இருந்தாலும் காகிதத்தில் சில நோட்டுகளும் வெட்டி வையுங்கள். மீதிச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் சுகம் ஸ்கேனில் இல்லை.

ஐந்தாம் படி: பொட்டலம்

பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, அடிநுனியை மடித்து, உருளைக்கிழங்கைப் போட்டு, மேலே மூடி நூல் சுற்றுவது. மூன்று வயதுக்காரர் கசக்கிச் சுருட்டி நீட்டுவார். அதுவும் பொட்டலம்தான், நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு, ஐந்து வயதில் மடிப்பு விழத் தொடங்கும். பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கு, புள்ளிக்கோட்டின்மேல் எழுதச் சொல்வதைவிட இது நல்ல பயிற்சி என்பது என் கட்சி.

கடையில் தகராறு வந்தால்

பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வந்து சேர்ந்தால் முதலில் இரண்டு கடை வைத்துவிடுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் அருகருகே இருந்தும் தனித்தனியாக விளையாடும் நிலையைத் தனி வகையாகக் குறித்தார். இரண்டு, மூன்று வயதில் இதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். 'சேர்ந்து விளையாடுங்கள்' என்று அந்த வயதில் அதட்டிப் பயனில்லை. நான்கை ஒட்டி, "நீ சாமான் கொடு, நான் பணம் வாங்குகிறேன்" என்று அவர்களே வேலையைப் பிரித்துக்கொள்வார்கள்.

பாதியில் கடை ஆஸ்பத்திரியாக மாறி, உருளைக்கிழங்குக்கு ஊசி போடப்படலாம். மாறட்டும். "கடை விளையாட்டுதானே ஆரம்பித்தோம்?" என்று கேட்பது பெரியவர்களுக்கே உரிய பிடிவாதம்.

முடிக்கும்போது திடீரென்று "போதும், எடுத்து வை" என்றால் அழுகைதான். ஐந்து நிமிடம் முன்பே "கடை அடைக்கிற நேரமாகிறது, கடைசி வாடிக்கையாளர் நான்தான்" என்று வாங்கிக்கொண்டு போங்கள். பிறகு சரக்கெல்லாம் 'குடோனுக்கு' ஒரு கூடையில் போக வேண்டும், போர்வையை இழுத்து ஷட்டர் இறக்க வேண்டும். சுத்தம் செய்வதும் விளையாட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

எதைக் கவனிப்பது

நம் பிள்ளைத்தமிழில் செங்கீரை, சப்பாணி, வாரானை என்று தலை தூக்குவது, கை கொட்டுவது, நடந்து வருவது எல்லாம் பருவங்களாகவே வகுக்கப்பட்டிருக்கின்றன. சிறுமியர் கட்டிய மண் வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று ஆண் பிள்ளையிடம் கேட்கும் சிற்றில் பருவமும் அவற்றில் ஒன்று. இன்றைய மருத்துவர்கள் பட்டியலாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில், 75 சதவீதமோ அதற்கு மேலோ குழந்தைகள் அந்தந்த வயதில் செய்பவை இடம்பெற்றன. கடையில் உட்கார்ந்தபடியே அவற்றில் பலவற்றைப் பார்த்துவிடலாம்.

மூன்று வயதில்: இரண்டு முறையாவது மாறி மாறிப் பேசுவது, "யார்", "எங்கே", "ஏன்" என்று கேட்பது, வெளியாருக்கும் பெரும்பாலும் புரியும்படி பேசுவது. நான்கில்: ஆசிரியராகவோ நாயாகவோ வேறொருவராக நடிப்பது, நான்கு சொல்லுக்குக் குறையாத வாக்கியம், மேற்பார்வையில் தண்ணீர் ஊற்றுவது. ஐந்தில்: பத்து வரை எண்ணுவது, நேற்று, நாளை போன்ற காலச் சொற்களைப் பயன்படுத்துவது, முறை வைத்து விளையாடுவது, ஐந்து முதல் பத்து நிமிடம் ஒன்றில் கவனம் வைப்பது.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். ஆனால் நான்கு வயதாகியும் நடிப்பு விளையாட்டே இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, ஏற்கெனவே பேசிய சொற்களோ செய்த வேலைகளோ மறைந்துபோகின்றன என்றால் 'ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்' என்ற ஆறுதலில் மாதங்களைக் கடத்த வேண்டாம். குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு வந்து பரிசோதிக்க ஏற்பாடு இருக்கிறது. அங்கே கேட்டால், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளைக் கவனிக்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும் வழியையும் சொல்வார்கள்.

அடுத்த கடை

மளிகை சலித்துவிட்டால் இட்லிக் கடை, தபால் நிலையம், தையல் கடை என்று மாற்றலாம். எல்லாவற்றிலும் ஓடுவது பஸ்தான். நாற்காலிகளை இரண்டு இரண்டாக வரிசையில் போடுங்கள், முன்னால் ஓட்டுநருக்கு ஒரு தட்டு, பழைய நோட்டுத்தாளைக் கிழித்து டிக்கெட், நடத்துநருக்குத் தோளில் ஒரு பை. "தாம்பரம் ஒன்று கொடுங்கள்" என்று ஏறுங்கள். நடத்துநருக்கு விசிலும் வேண்டியிருக்கும். அதைக் கையில் கொடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.